ரப்பருக்குத் துரு பிடிக்குமா?

டி-72 டாங்கியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை. புகைபோக்கி இடப்பக்கம், பின்பாதி ஃபெண்டரை ஒட்டி இருக்கிறது. டீசல் கரி அந்தப் பக்கத்துத் தகடுகளில்தான் படியும். புகைபோக்கியின் வாயைச் சுற்றிப் பெயிண்ட் சூட்டில் வெந்து உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பு செம்பழுப்பாகத் தெரியும். வலப்பக்க ஃபெண்டரின் மேல் எரிபொருள் டாங்குகள். அங்கே மூடியைச் சுற்றிச் சிந்திய டீசலில் புழுதி ஒட்டிக் கருந்திட்டாகும். கமாண்டர் டரட்டின் வலப்பக்கம் உட்காருவார், கன்னர் இடப்பக்கம், டிரைவர் முன்னால் நடுவில். மூவரும் ஏறி இறங்கும் வழிகள் வேறு. பூட்ஸ் பட்டுப் பெயிண்ட் தேயும் இடங்களும் வேறு.

கையகல டாங்கியை பிளாஸ்டிக்கில் ஒட்டி, பெயிண்ட் அடித்து, பழசாக்கி அலமாரியில் வைக்கிற ஒருவனுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாக நம்பி வருகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தவர் அப்பா. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர்.

ஆவடியில் 1965இலிருந்து விஜயந்தா டாங்கிகள் உருவாகின. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 105 மில்லிமீட்டர் பீரங்கி, நான்கு பேர் குழு. அப்பா வேலைக்குச் சேர்ந்தது விஜயந்தா காலத்தில். 1980களின் பிற்பகுதியில் ரஷ்ய வடிவமைப்பான டி-72, அஜேயா என்ற பெயரில் அங்கேயே உருவாகத் தொடங்கியது. நாங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சங்கு ஊதினால் சைக்கிள்கள் வெள்ளமாக வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் அப்பாவைச் சட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்: முழங்கைப் பக்கமெல்லாம் பொறி தெறித்துப் பொடிப்பொடி ஓட்டைகள். சில ராத்திரிகளில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்பார். அம்மா உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து இமை மேல் வைப்பாள்.

இதைத் தவிர அந்த வேலையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது என்பது விதி. அப்பா அந்த விதியைத் தன் சுபாவமாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வேலை எப்படி?" என்று அம்மா கேட்டால், "இருந்துச்சு" என்பார். அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் படிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பெட்டி கொண்டுவந்தார். தமியா நிறுவனத்தின் 1/35 டி-72எம்1. அந்தக் கிட் 1990இல் வெளிவந்தது. அதுவரை நான் ஒட்டியதெல்லாம் உள்ளங்கை அளவு விமானங்கள். பெட்டியைத் திறந்து, பாகங்கள் ஒட்டிவரும் ஸ்ப்ரூ சட்டங்களைப் பாயில் பரப்பி, விளக்கத் தாளை விரித்தேன். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. அடித்தட்டை எடுத்து, திருப்பி, டார்ஷன் பார் வரும் மேடுகளை விரலால் தடவினார். பிறகு, "எல்லாத்தையும் ஜப்பான்காரனே போட்டுட்டானே" என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதி என்று பின்னால்தான் புரிந்தது. தான் சொல்லக் கூடாது என்று வருஷக்கணக்கில் வாயை மூடியிருந்த வண்டியை, யாரோ ஒருவர் பெட்டியில் போட்டு உலகம் முழுவதும் விற்றுக்கொண்டிருந்தார். இனி மகனிடம் அதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பெட்டியில் இல்லாத எதையும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தக் கிட்டில் டிராக் பட்டை வளையும் ரப்பர் போன்ற நீள நாடா. இரண்டு முனைகளையும் சேர்த்து, வெளியே நீட்டும் குமிழ்களைச் சூடான ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி உருக்க வேண்டும். நான் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா சால்டரிங் அயர்னை எடுத்து வந்து, "தள்ளு" என்றார். ஒரு கண்ணைச் சுருக்கி, மூச்சை நிறுத்தி, நான்கு குமிழ்களையும் தொட்டுத் தொட்டு எடுத்தார். அந்த இணைப்பு இன்றுவரை விடவில்லை.

1/35 என்ற அளவு எப்படி வந்தது என்பது இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஷிசுவோகா நகரத்தில் மரக்கடையாகத் தொடங்கிய தமியா, 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் பொம்மையாகச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்துவிட்டுப் பார்த்தபோது, அது அசலில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. அதையே அடுத்தடுத்த வண்டிகளுக்கும் வைத்துக்கொண்டார்கள். இன்று உலகத்தில் டாங்கி மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த அளவில்தான் செய்கிறார்கள். நிறுவனத்தை வளர்த்த ஷுன்சாகு தமியா, அளவெடுக்கவும் படமெடுக்கவும் அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகம் வரை போனவர். போர்ஷே கார் ஒன்றின் கிட்டுக்காக ஒரு நிஜக் காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் அதன் நகலைச் செய்யக் கூடாது என்ற பிடிவாதம் அவருடையது. அந்தப் பிடிவாதம் அப்பாவுக்கும் உண்டு.

அப்பாவின் பார்வை முதலில் போனது வெல்டுகளுக்கு. டி-72இன் உடல் தகடுகளை வெல்ட் செய்தது, டரட் வார்ப்பு. பிளாஸ்டிக்கில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே வழுவழுப்பில் இருந்தன. "வார்ப்புன்னா தோலு சொரசொரன்னு இருக்கணும்டா" என்றார். டரட் மேல் திரவப் பட்டியைப் பூசி, அது காய்வதற்குள் மயிர் குட்டையான பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தோம். காய்ந்த பிறகு நைஸ் உப்புத்தாளால் லேசாக ஓட்டியதும் வார்ப்பு எஃகின் மேற்பரப்பு வந்துவிட்டது. வெல்டுக்கு வேறு வழி. மிச்ச ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடரில் வாட்டி இழுத்தால் நூலாக வரும். அதைத் தகடுகளின் சந்தில் ஒட்டி, திரவப் பசையைத் தடவினால் சற்று நேரத்தில் வெண்ணெய் மாதிரி இளகும். அப்போது பிளேடு முனையால் அடுத்தடுத்து அமுக்கிக்கொண்டே போக வேண்டும். நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் அகல வெல்ட் இந்த அளவில் கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நான் அமுக்கியது கோணலும் மாணலுமாக வராமல் ஒரே சீராக வந்தது. அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒரு ராடு தீர்ந்து அடுத்த ராடு மாற்றும் இடத்தில் ஒரு சின்ன முடிச்சு விழும், அதையும் வைக்க வேண்டும் என்றார். வைத்தேன். பூதக்கண்ணாடி இல்லாமல் அது யார் கண்ணிலும் படாது. ஆனால் அது அங்கே இருப்பதால் அந்த வெல்ட் ஒரு மனிதர் போட்ட வெல்ட் ஆனது.

பெயிண்ட் வேலை எங்கள் ஊர் வானிலையோடு நடத்தும் பேரம். சித்திரை, வைகாசியில் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் துளி பிளாஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் போல ஆகிவிடும். அதற்கு ரிடார்டர் கலந்து, காலை ஆறு மணிக்கு அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே தண்ணீர் நிற்கும். மேட் வார்னிஷ் அடித்தால் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்துப் போகும். அடை மழையில் நான் பாகங்களை ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்; வார்னிஷ் தை பிறந்த பிறகுதான். முதல் கம்ப்ரசர் ஒரு பழைய ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது. சத்தமே வராது, ஆனால் எண்ணெய் கக்கும். அதற்கொரு வடிகட்டி அப்பா செய்து கொடுத்தார்.

வெதரிங்குக்கு, அதாவது வண்டியைப் பழசாக்கும் வேலைக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒட்டுவதைப் பொறுமை உள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். ஒரே சீராகப் பெயிண்ட் அடிப்பது கைப்பழக்கம். ஆனால் ஒரு வண்டி எங்கெங்கே போனது, யார் அதில் ஏறினார்கள், எவ்வளவு நாள் மழையிலும் வெயிலிலும் நின்றது என்பதைப் பெயிண்டிலேயே சொல்வதற்கு யோசிக்கவும் தெரிய வேண்டும்.

ஒரு வெளிநாட்டு மாடல் பத்திரிகையை அப்பாவிடம் காட்டினேன். அட்டையில் ஒரு டி-72. தலை முதல் கால் வரை துரு. பக்கவாட்டு மறைப்புகளில் பெயிண்ட் பெயர்ந்து ஆரஞ்சுத் திட்டுகள். படம் அழகாகத்தான் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "இந்த சைடு ஸ்கர்ட் ரப்பர்தானே?" என்றார். ஆமாம், டி-72எம்1இல் அது துணி வைத்து அழுத்திய ரப்பர்த் தகடு. "ரப்பருக்குத் துரு பிடிக்குமாடா?"

அந்தக் கேள்வி என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டது. அதன்பின் ஒரு கறையை வைப்பதற்கு முன்னால் அதன் காரணத்தைக் கேட்டுக்கொள்வேன். ரப்பர் மறைப்பு துருப்பிடிக்காது. வெளுக்கும், ஓரம் கிழியும், மடங்கிய இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து கறுப்பு தெரியும். கவசத் தகடு ஓட்டை விழும்படி பொரிந்து போகாது. பெயிண்ட் போன இடத்தில் மெல்லிய பழுப்புப் படலம் மட்டும் வரும். வெல்டை ஒட்டிய இரும்பு சூடு தின்றது, அங்கே ஸ்லாக் சுத்தமாகப் போகாமல் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, ஆகவே துரு முதலில் அங்கே எட்டிப் பார்க்கும். டிராக் பட்டை ஒரு ராத்திரி பனியில் நின்றாலே பழுப்பாகும். வண்டி கொஞ்ச தூரம் ஓடினதும் சக்கரம் உரசும் தடம் மட்டும் வெள்ளியாக மின்னும். அந்தத் தடத்துக்கு நான் மென்மையான பென்சில் கரியைத் தேய்க்கிறேன். எந்த வெள்ளிப் பெயிண்டும் அதற்கு ஈடாகாது.

அளவும் காரணத்தைப் போலவே கறாரானது. ஸ்பாஞ்சால் ஒற்றி வைக்கும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, நிஜ வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர் காயம். அப்படி ஐம்பது புள்ளி வைத்தால் அந்த வண்டி கல்மாரியில் நின்றதாக அர்த்தம். ராஜஸ்தானில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தார்ப் பாலைவன மணலையே ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அன்பு பெரிது. ஆனால் 0.3 மில்லிமீட்டர் மணல் பருக்கை இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் கூழாங்கல். நிஜ மண் மாடலில் மண்ணாகத் தெரியாது. உலர் பேஸ்டல் குச்சியை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து எடுத்த பொடிதான் புழுதி ஆகும்.

என் டி-72ஐ இந்திய வண்டியாகவே செய்தேன். கிட்டில் நம் குறிகள் இல்லாததால், மேல்நோக்கிய அம்புக்குறியையும் எண்ணையும் மெல்லிய பிரஷ்ஷால் எழுதினேன். பச்சைக்கு மேல் மணல் நிறப் பட்டைகள். மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அப்போதுதான் அடுத்து வரும் கழுவல் என்கிற நீர்த்த கலவை தானாகவே சந்துகளில் ஓடும். கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, போல்ட் தலை ஒவ்வொன்றின் அடியிலும் பிரஷ் முனையால் தொட்டால் போதும், அது வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். அடியில் அக்ரிலிக் இருப்பதால் டர்பன்டைன் அதைக் கரைக்காது. பிறகு வெள்ளை, மஞ்சள், பழுப்பு ஆயில் கலர்களைப் பொட்டுப் பொட்டாக வைத்து, ஈரப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்து இழுத்து மங்க வைத்தேன். வெயிலில் நின்ற பச்சை ஒரே பச்சையாக இருக்காது. மேல்தளம் வெளுத்திருக்கும், அடிப்பகுதி அப்படியே இருக்கும். புழுதி சக்கரங்களிலும் அடித்தட்டிலும் கனமாக, மேலே போகப் போக மெல்லியதாக. ஏறும் வழியில் மட்டும் புழுதி இருக்காது, பூட்ஸ் துடைத்துவிடும். பெரிஸ்கோப் கண்ணாடிகள் சுத்தம். அதைத் துடைக்காத டிரைவர் எங்கேயும் இல்லை. புகைபோக்கிக்கு வந்தபோது அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு கறுப்பு, எங்கே நிறுத்துவது என்று சொன்னார்.

இந்தக் கலையில் பல வழிகள் வந்து போயிருக்கின்றன. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், கறுத்த கழுவலும் உலர்பிரஷ்ஷும் கொண்டு ஒரு தலைமுறைக்கே கண் திறந்தார். அமெரிக்காவின் ஷெப் பெயின், ஒரு காட்சிக்குள் வண்டியை வைத்துக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தார். 1980இல் வந்த அவருடைய டயோராமா புத்தகத்தை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பிறகு ஸ்பெயின்காரர்களின் காலம். மிக் ஹிமேனெஸ் போன்றவர்கள் பிக்மென்ட்டையும் கழுவலையும் சீசாவில் ஆயத்தமாகக் கொடுத்ததோடு, ஒவ்வொரு தகட்டிலும் ஒளியும் நிழலும் கூட்டி ஓவியம் போலத் தீட்டும் முறையைப் பரப்பினார்கள். அவர்களுடைய கைத்திறமைக்கு முன்னால் நான் மரியாதையோடு நிற்கிறேன். ஆனாலும் அந்தப் பாணியின் நகல்களில் பத்து வண்டிகளை அடுத்தடுத்து வைத்தால் பத்தும் ஒரே மழையில் நனைந்தது போல இருக்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் தனியான பிழைப்பு இருந்திருக்குமே, அது அதில் தெரிவதில்லை.

டி-72 முடிந்து அலமாரியில் ஏறிய பிறகு, அப்பா அதைப் பார்க்கும் விதத்தில் ஒன்று எனக்குத் தாமதமாகப் புரிந்தது. அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தது புத்தம்புது டாங்கிகளை. பெயிண்ட் வாசனையோடு கேட்டைத் தாண்டிப் போகும். அதற்கப்புறம் அது என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. சூடு, எண்ணெய், கால் என்று காரணங்களை அடுக்கி அவர் எனக்குச் சொன்னதெல்லாம், அவரே மனதுக்குள் அந்த வண்டிகளின் பின்னால் நடந்து போய்ப் பார்த்தவை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அகமதுநகருக்கு அழைத்துப் போனேன். அங்கே ராணுவத்தின் டாங்கி அருங்காட்சியகம் 1994இலிருந்து இருக்கிறது. முதல் உலகப் போர்க் கால வண்டிகளிலிருந்து, 1965இல் பாகிஸ்தானிடமிருந்து பிடித்த பாட்டன் வரை வரிசையாக நிற்கின்றன. நான் கேமராவோடு பாட்டன் பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா விஜயந்தாவின் முன்தகட்டில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார். விஜயந்தாவில் டரட்டும் தகடுகளை வெல்ட் செய்ததுதான். அது முழுக்க முழுக்க வெல்டர்களின் வண்டி. பூச்சுக்கு மேல் பூச்சு அடித்து அடித்து, வெல்டின் வரிகள் பாதி மூடியிருந்தன. பெயர்ந்த ஓரிடத்தில் பச்சைக்குக் கீழே வேறொரு பச்சை, அதன் கீழே மணல் நிறம், அதற்கும் கீழே செம்மண் நிற பிரைமர். அப்பா அந்த இடத்தை நகத்தால் தொட்டு, "எத்தனை தடவை அடிச்சிருக்காங்க பாரு" என்றார். "நல்லா வச்சிருந்திருக்காங்க." பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஏதாவது வெல்ட் விட்டிருக்கிறதா என்று கீழே குனிந்து பார்த்தார். எதுவும் விடவில்லை.

நான் அன்று எடுத்த படங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வண்டியின் பெயிண்ட் அடுக்குகள்தான். கவச வண்டி ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கப்படும்போதும் அதன் ஓரங்கள் மழுங்கும், போல்ட் தலைகள் உருளும், எழுத்துகளின் பள்ளம் நிரம்பும். இதை எந்தக் கிட்டும் தருவதில்லை, எந்தச் சீசாவிலும் விற்பதில்லை. நீர்க்கக் கரைத்த பட்டியைப் பல தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் வேறு நிறம் அடித்து, சில இடங்களில் இடையே ஹேர்ஸ்பிரே வைத்து, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் சுரண்டினால் அடுக்கு அடுக்காகத் திறக்கும். அதைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு கோடைகாலம் ஆயிற்று.

இப்போது மேஜையில் இருப்பது விஜயந்தா. கடையில் எனக்குக் கிட்டாகக் கிடைக்காததால், பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வெட்டிச் செய்கிறேன். அகமதுநகர்ப் படங்கள்தான் துணை. எந்த நிலையில் முடிப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் வயதான வண்டியாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கேட்டை விட்டுப் போகிற அன்றைய காலைபோல ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. "டிராக்ல மட்டும் கொஞ்சம் மண்ணு வை. டெஸ்ட் டிராக்ல ஓட்டிப் பாக்காம அனுப்ப மாட்டாங்க" என்கிறார்.

வெல்டுகளை அவர்தான் போடுகிறார். எண்பதை நெருங்கும் கை லேசாக நடுங்குகிறது. மணிக்கட்டைப் புத்தகத்தின் மேல் ஊன்றிக்கொண்டு, சாமணத்தால் ஸ்ப்ரூ நூலை வைத்து, பசை தொட்டு, பிளேடால் அமுக்குகிறார். முன்தகட்டின் இடப்பக்கம் முடிந்திருக்கிறது, ராடு மாற்றிய முடிச்சுகளோடு. டரட் அடுத்து. பெயிண்ட் பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.